ஆய்வுக் கணினி உதவியாளர் வட்டம் கலையாமல் காக்கும் வழிமுறை

பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களுக்கான கிளஸ்டர்களை, அதாவது பல கணினிகளை இணைத்த கணினித் தொகுதிகளைப் பராமரிப்போரும், அவற்றில் ஜாப் (ஒப்படைக்கப்படும் கணிப்பு வேலை) ஓட்டக் கற்றுக்கொடுப்போரும் பெரும்பாலும் தனியாட்களாகவே இருக்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இரண்டு மூன்று பேர். 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் பயனாக, திருச்சி என்.ஐ.டி.யில் 838 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்கீடுகள்) திறனுள்ள பரம் பொருள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 3.3 பெட்டாஃபிளாப்ஸ் (3,300 டெராஃபிளாப்ஸ்) திறனுள்ள பரம் பிரவேகா என இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால், ஓடாத நிரலை ஓட வைக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது தானாக நடந்துவிடுவதில்லை. அவர்கள் கூடிப் பேசிக் கற்கும் வட்டம் ஒன்றைத் தொடங்குவது எளிது, முதல் கூட்டத்துக்கு ஆள் சேர்வதும் எளிது. மூன்றாம் ஆண்டிலும் அது நடந்துகொண்டிருக்க வேண்டுமானால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். என் கணிப்பில் எல்லாம் ஒரே கணக்கில் வந்து நிற்கிறது: கூட்டத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டவருக்குச் சொந்த வேலையில் அதைவிடக் கூடுதல் நேரம் மிச்சமாக வேண்டும்.

யாருக்காக

எல்லையை முதலிலேயே குறுக்கிக்கொள்வது நல்லது. உயர்திறன் கணிப்பில் ஆர்வமுள்ள அனைவரும் வரலாம் என்று அழைத்தால், இயந்திரம் விற்போரும், சான்றிதழ் எதிர்பார்க்கும் மாணவர்களும், கொள்கை பேசும் மூத்தவர்களும் நிறைந்துவிடுவார்கள். அன்றாடம் டிக்கெட்டுக்கு, அதாவது பயனாளர் அனுப்பும் உதவிக் கோரிக்கைக்குப் பதில் எழுதுகிறவர் அந்தக் கூட்டத்தில் தன் சந்தேகத்தைக் கேட்கத் தயங்குவார். அவர் தயங்காமல் கேட்கும் இடமாக இருப்பதற்கே வட்டம் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் கேம்பஸ் ரிசர்ச் கம்ப்யூட்டிங் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு, ஆய்வாளர்களோடு நேரடியாகப் பழகுவோர், சர்வர்களைப் பார்த்துக்கொள்வோர், தரவுப் பணியில் இருப்போர் என்று வேலையின் தன்மையைப் பொறுத்துத் தனித்தனித் தடங்களை வைத்துக்கொண்டதோடு, புதிதாகத் தொடங்கும் மையங்களுக்கென்றும் ஒரு தடத்தை ஒதுக்கியது. இருபது முப்பது பேர் கொண்ட வட்டத்துக்கு இத்தனை பிரிவுகள் தேவையில்லை. இருப்பினும், ஒரு கூட்டம் சர்வர் பக்கம் பேசினால் அடுத்தது ஆய்வாளர் பக்கம் பேச வேண்டும் என்ற ஒழுங்கையாவது கடைப்பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்ச், ஃபர்ம்வேர் பேச்சில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒரு மணி நேரம் என்பது போதும். ஐந்து பேரே வந்தாலும் கூட்டத்தை ஒத்திவைக்கக் கூடாது.

கூட்டத்தில் என்ன பேசுவது

சிறப்புரைகளை நம்பி ஓடும் வட்டம் பேச்சாளர் பட்டியல் தீர்ந்ததும் நின்றுவிடும். அதற்கு மாறாக, அந்த மாதம் உறுப்பினர்களிடம் வந்த டிக்கெட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்பதை முக்கால் மணி நேர வேலையாக வைத்துக்கொண்டால், பொருள் ஒருபோதும் தீராது.

ஓர் எடுத்துக்காட்டு. "என் ஜாப் ஜிபியு கிடைத்த பிறகும் நகர மாட்டேன் என்கிறது" என்று, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு வேண்டிய ஜிபியு என்னும் சிறப்புச் செயலியைக் குறிப்பிட்டு, ஒரு முனைவர் பட்ட மாணவி எழுதுகிறார் என்று கொள்வோம். அதே மதியம் வேறு துறையைச் சேர்ந்த இருவர், லாகின் நோடில் (பயனாளர்கள் உள்நுழையும் கணினியில்) கோப்புப் பட்டியல் பார்க்கும் சாதாரணக் கட்டளைகூட அரை நிமிடம் உறைந்து நிற்பதாகப் புகார் செய்கிறார்கள். இரண்டும் ஒரே நோய் என்பது முதலில் யாருக்கும் தோன்றாது. மாணவி பயன்படுத்துவது இமேஜ்நெட் என்னும் படத் தொகுப்பு. அதன் பயிற்சிப் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 12.8 லட்சம் படங்கள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. கிளஸ்டரின் பொதுச் சேமிப்பகம் லஸ்டர் என்னும் கோப்பு முறைமையில் ஓடுகிறது. லஸ்டர், கோப்பின் உள்ளடக்கத்தை ஒரு பக்கமும், அதன் பெயர், அனுமதி, இருப்பிடம் ஆகிய விவரங்களை மெட்டாடேட்டா சர்வரிலுமாகப் பிரித்து வைப்பதால், ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் அந்தச் சர்வரை ஒருமுறை கேட்டாக வேண்டும். பயிற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் பல லட்சம் முறை கேட்டால் அது திணறும். அதையே நம்பியிருக்கும் மற்றவர்களும் சேர்ந்து திணறுவார்கள். டிஸ்க்கின் வேகத்தை அளந்து பார்த்தால் அது ஏறத்தாழச் சும்மா இருப்பதாகவே காட்டும் என்பதால், அனுபவமில்லாதவர் பழியை நெட்வொர்க்கின் மேல் போடுவார்.

தீர்வு சிறியது: படங்களை ஒரே டார் கோப்பாகவோ ஹெச்.டி.எஃப்.5 கோப்பாகவோ கட்டி வைத்து, ஜாப் தொடங்கும்போது அதைக் கணிப்பு நோடின் (ஜாப் ஓடும் கணினியின்) உள்ளூர் எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு நகலெடுத்து, அங்கிருந்தே படிக்க வைப்பது. ஆனால் கூட்டத்தில் தீர்வை மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. பயனாளர் எந்தச் சொற்களில் புகார் செய்தார், உதவியாளர் முதலில் எதைச் சந்தேகித்தார், அந்தச் சந்தேகம் ஏன் தவறாகப் போயிற்று, உண்மையைக் காட்டிக்கொடுத்த எண் எது என்ற வரிசையில் சொல்லச் சொல்ல வேண்டும். ஆவணங்களில் தீர்வு இருக்கும். தவறான வழியில் கழிந்த நேரம் எங்கும் பதிவாவதில்லை. கேட்கும் ஒருவருக்கு அடுத்த வாரம் இதே நிலை வந்தால், அரை நாள் மிச்சமாவது அந்தப் பகுதியால்தான்.

கூட்டம் முடிந்த அன்றே அரைப் பக்கக் குறிப்பு எழுதி, பொதுக் கோப்புறையில் சேர்த்துவிட வேண்டும். வாட்ஸாப் குழுவை மட்டும் நம்பினால் பொங்கல் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே விடைகள் புதைந்துபோகும். அங்கே கேள்வி கேட்கலாம், விடை வேறிடத்தில் சேமிக்கப்பட வேண்டும். பயிற்சிப் பாடங்களைப் புதிதாக எழுத உட்காருவதும் வீண் வேலை. 1998-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரியின் வழிவந்த தி கார்ப்பென்ட்ரீஸ் என்ற, ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் அமைப்பின் பாடங்கள், மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றில் நம் கிளஸ்டரின் பெயரையும், கியூக்களின் (ஜாப்கள் காத்திருக்கும் வரிசைகளின்) பெயரையும், சேமிப்பு வரம்பையும் பொருத்தினால் பாதி வேலை முடிந்தது.

புதியவர்கள்

இத்தகைய வட்டங்களைப் பற்றிய சிந்தனைக்கு 1991-இல் அடித்தளமிட்டவர்கள் கற்றல் பற்றி ஆய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும். லைபீரியாவின் தையற்கடைகளில் லேவ் கவனித்தது இங்கே நேரடியாகப் பயன்படும்: அங்கே பழகுநர் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை, பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது போன்ற கடைசிக் கட்ட வேலைகளில் தொடங்கிப் படிப்படியாக வெட்டும் வேலைக்கு வந்து சேர்கிறார். பொத்தான் தைப்பதில் பிழை நேர்ந்தால் இழப்பு சிறிது, ஆனால் முழு ஆடையின் அமைப்பும் கண்ணில் பட்டுவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கும் அப்படியே. முதல் மாதத்திலேயே ஸ்லர்ம் (ஜாப்களை வரிசைப்படுத்தும் மென்பொருள்) முன்னுரிமை விதிகளைப் பற்றிப் பேசச் சொல்வதை விட, பழைய குறிப்பு ஒன்றைத் தன் கிளஸ்டரில் செய்துபார்த்து, பொருந்தாத வரியைத் திருத்தச் சொல்வது மேல். திருத்திய குறிப்பில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும்.

நேரமும் மேலிடமும்

வட்டங்கள் கலைவதற்கு ஆர்வக் குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். உண்மையில் பெரும்பாலும் நடப்பது, உறுப்பினரின் மேலதிகாரி "இது உங்கள் வேலையா?" என்று கேட்டுவிடுவதுதான். நம் நிறுவனங்களில் இவர்களில் பலர் ஒப்பந்தப் பணியாளர்கள் என்பதால் அந்தக் கேள்விக்குப் பின் அவர்கள் வருவதில்லை. அமெரிக்காவில் 2008-இல் டெராகிரிட் என்ற பொது மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் தொடங்கிய, வளாகங்களில் ஆய்வாளர்களுக்கு உதவுவோரின் கேம்பஸ் சாம்பியன்ஸ் குழு, 2011-இல் அதன் வழித்தோன்றலான எக்ஸீட் திட்டத்துக்கு மாறி, அந்தத் திட்டமும் 2022-இல் முடிந்த பிறகும் நீடித்தது. அதில் சேரும் நிறுவனம் தன் ஒப்புதலைக் கடிதமாகத் தர வேண்டும் என்ற நடைமுறை சிறிய விஷயமாகத் தோன்றலாம்; நாளை ஒருவரிடம் நேரக் கணக்குக் கேட்கும்போது அந்தக் கடிதமே பதில் சொல்லும். எனவே பதிவாளரிடமோ கணினி மையத் தலைவரிடமோ, மாதம் நான்கு மணி நேரம் இந்தப் பணிக்கு உரியது என்று ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிட வேண்டும். பதவிப் பெயர்கூட உதவும்: ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பெயர் 2012-இல் பிரிட்டனில் முன்வைக்கப்பட்டு, அந்தப் பெயரின் கீழ் ஒன்றுசேர்ந்தவர்கள் 2019-இல் சங்கமாகவே பதிவு செய்துகொண்டார்கள்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவராக இருக்கக் கூடாது. இருவர் இருந்து, ஆளுக்கு இரண்டாண்டு பொறுப்பேற்று, ஆண்டுக்கு ஒருவர் மாறினால், பழகியவர் ஒருவர் எப்போதும் இருப்பார்.

வெளியே போகாத பேச்சு

2020 மே மாதத்தில் எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல மீத்திறன் கணினிகள் அடுத்தடுத்துப் பயனாளர்களுக்கு மூடப்பட்டன; திருடப்பட்ட எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்து உள்நுழையும் முறை) அடையாளங்களைக் கொண்டு ஊடுருவல் நடந்திருந்தது. ஆய்வாளர்கள் பல மையங்களில் கணக்கு வைத்திருப்பவர்கள் என்பதால், ஒரு மையத்தில் திருடுபோன சாவி அடுத்த மையத்தையும் திறக்கும். அத்தகைய நாளில் பக்கத்து நிறுவனத்தில் யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை வட்டம்தான் தர முடியும். இதற்காகச் சில விதிகளை எழுதியே வைத்துக்கொள்ளலாம்: பயனாளர் பெயரும் அவருடைய தரவும் கூட்டத்தில் வரக் கூடாது, பாதுகாப்புச் செய்திகள் பொதுக் குறிப்பில் சேரக் கூடாது, நிறுவனம் ஒப்பந்தத்தில் மறைத்து வைக்க ஒப்புக்கொண்ட விலையை யாரும் கேட்கக் கூடாது. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு தனிக் கூட்டம் வைத்தால் போதும், மற்றக் கூட்டங்களில் அவர்கள் இல்லாததால்தான் பழுதுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிகிறது.

ஆண்டுக் கணக்கு

வருகைப் பதிவைக் காட்டிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. ஆண்டு முடிவில் பார்க்க வேண்டியவை வேறு: எத்தனை வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து கேள்வி வந்தது, ஒருங்கிணைப்பாளர்களைத் தவிர மற்றவர்கள் எத்தனை கேள்விகளுக்கு விடை தந்தார்கள், பழைய குறிப்புகளில் எத்தனை திருத்தப்பட்டன. இரண்டாவது எண் குறைந்துகொண்டே வந்தால் வட்டம் ஓரிருவரின் இலவச உதவி மையமாக மாறிவருகிறது என்று பொருள். அப்போது அடுத்த மூன்று கூட்டங்களை நடத்தும் பொறுப்பை இதுவரை நடத்தாத மூன்று பேரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒருங்கிணைப்பாளர்கள் பேசாமல் உட்கார வேண்டும். இந்த எண்களோடு, நேரம் மிச்சமான இரண்டு டிக்கெட்டுகளின் கதையையும் சேர்த்து, ஒப்புதல் கடிதம் தந்த அதிகாரிக்கு ஒரு பக்க அறிக்கையாக அனுப்புங்கள். அடுத்த நிதியாண்டின் பணியிட ஒதுக்கீடு முடிவாகும் முன் அது அவர் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், மார்ச் வரை காத்திராமல் டிசம்பரிலேயே அனுப்பிவிடுவது உத்தமம்.