பெப்பர் ஸ்ப்ரேயை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்: இங்கிலாந்துக்குப் படிக்க வருபவர்களுக்கு

செப்டம்பர் சேர்க்கைக்கு லண்டன், லெஸ்டர், கவென்ட்ரி என்று கிளம்பும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். விசா, வங்கிக் கணக்கு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு எல்லாம் பல்கலைக்கழகமே சொல்லிக் கொடுத்துவிடும். ஆயுதச் சட்டம் பற்றி மட்டும் நம்மவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. படிக்க வரும் பிள்ளைக்கும் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு.

முதலில் கத்தி. 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் மட்டும் சமையல் கத்திக்கு 16 போதும். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தாலே கடையில் வயதுச் சான்று கேட்பார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். வாங்கியதைப் பிரிக்காமல் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் 4 ஆண்டுகள் வரை சிறை. வெட்டும் பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு விலக்கு உண்டு, ஆனால் விரித்ததும் 'லாக்' ஆகிற வகைக்கு அந்த விலக்கு இல்லை. கடையில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். 18 ஆனவருக்கு விற்கலாம், அதைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கத்தான் கூடாது. ஓட்டலில் பகுதிநேரமாகச் சமைப்பவர்கள் வேலைக்குப் போகும்போது சொந்தக் கத்தியைச் சுற்றி எடுத்துப் போகலாம். லீவு நாளிலும் அது பையிலேயே கிடந்தால், மறந்துவிட்டேன் என்பது மட்டும் பதிலாகாது. தற்காப்புக்கு என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். அதைத் தகுந்த காரணமாக ஏற்க மாட்டார்கள்.

இதையெல்லாம் ஓரளவு ஊகித்துவிடலாம். பெப்பர் ஸ்ப்ரேயை யார் ஊகிப்பார்கள்? நம் ஊரில் அதை லைசென்ஸ் இல்லாமல் ஆன்லைனில் வாங்கி, அப்பாவே மகள் கையில் கொடுப்பார். என் சித்தி மகளுக்கும் அப்படித்தான் சித்தப்பா வாங்கிக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புக் குப்பி, சாவியோடு மாட்ட ஒரு வளையம். "ராத்திரி வேலை முடிஞ்சு தனியா வருவே, கைல வச்சுக்கம்மா." எந்த அப்பாவும் சொல்வதுதானே.

இங்கே அது 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் வருகிறது. இயந்திரத் துப்பாக்கி இருக்கும் அதே பிரிவு. அதிகபட்சம் 10 ஆண்டுகள். கத்தியாவது வீட்டுக்குள் இருக்கலாம். இது அலமாரியில் இருந்தாலும் குற்றம்தான்.

ஒரு ராத்திரி பஸ் நிறுத்தத்திலிருந்து ஒருவன் என் சித்தி மகளைப் பின்தொடர்ந்தான். 999-க்கு அழைத்தாள், போலீஸ் வந்தது. கையில் என்னம்மா என்று கேட்டதற்கு, மறைக்கத் தெரியாத பெண், காட்டிவிட்டாள். பயந்து உதவி கேட்டவள்தான் கடைசியில் ஸ்டேஷனுக்குப் போனாள். இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை.

அதைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகு. ஸ்டேஷனில் வக்கீல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். விடிந்துவிடுமே என்று வேண்டாம் என்றிருக்கிறாள். 'காஷன்' ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்றதும், வெறும் எச்சரிக்கை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். காஷன் என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. கோர்ட் தண்டனை இல்லைதான், ஆனால் போலீஸ் பதிவேட்டில் நிற்கும். அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைப் பற்றிக் கேள்வி வரும். இல்லை என்று எழுதினால் பொய் சொன்ன குற்றமும் சேர்ந்து விண்ணப்பமே போய்விடும். இப்போது அந்த ஒரு கேள்விக்காகக் குடியேற்ற வக்கீலுக்குக் காசு கொட்டிக்கொண்டிருக்கிறாள், படித்த படிப்புக்கு வேலை தேட வேண்டிய நேரத்தில்.

காவலில் வைத்தால் ஸ்டேஷனில் வக்கீல் உதவி இலவசம். எந்த விசாவில் இருந்தாலும் உண்டு. விடிந்தால் விடியட்டும், வக்கீலிடம் பேசாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியாக நடக்கப் பயமாக இருந்தால், ஊசியை இழுத்தால் அலறும் அலாரம் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டத் தடை இல்லை. ஏற்கெனவே ஸ்ப்ரேயோடு வந்து இறங்கிவிட்டவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டாம். முதலில் அவசரமில்லாத விஷயங்களுக்கான போலீஸ் எண் 101-க்கு அழைத்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.