வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்க நீதிமன்றம் போகிறவர்களுக்கு: எந்தக் காகிதம் எதற்குப் பின்?

வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவெடுத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் பயம், நீதிபதி என்ன கேட்பாரோ என்பதுதான். எங்களுக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் காகிதங்கள் சரியாக இருந்தால் விசாரணை நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். காலத்தையும் தூக்கத்தையும் தின்பது அதற்கு முன்னால் உள்ள வேலை. எந்தக் காகிதம் எதற்குப் பின் வர வேண்டும், எந்த ஒப்புதல் இல்லாமல் நீதிமன்றப் படி ஏறவே கூடாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். தத்தெடுப்பதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வயது வரம்பு ஒத்துவருகிறதா என்பதையெல்லாம் நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: நீங்கள் எந்த நாட்டின் கணக்கில் வருகிறீர்கள்?

இதில் பாஸ்போர்ட்டைவிட வீட்டு முகவரி முக்கியம். நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்புக்கு விதிகள் வகுத்த, 1993 மே 29 தேதியிட்ட ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை பார்ப்பது குடியுரிமையை அல்ல, வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதை. இந்தியக் குடிமக்கள் ஜெர்மனியில் குடியிருந்தால் அவர்கள் முதலில் போக வேண்டியது ஜெர்மனியின் மைய ஆணையத்திடம். உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டிலும் தத்தெடுப்பைக் கவனிக்க இப்படி ஒரு மைய ஆணையம் உண்டு. இந்தியாவில் அது காரா (CARA) எனப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம். குழந்தையின் நாடும் உங்கள் நாடும் உடன்படிக்கையில் இருக்கின்றனவா என்று உடன்படிக்கையை நிர்வகிக்கும் ஹேக் மாநாடு (HCCH) என்ற அமைப்பின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் வழியே வேறு, கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம், குழந்தையின் நாடு இன்னும் குழந்தைகளை வெளியே அனுப்புகிறதா என்றும் பாருங்கள். எத்தியோப்பியா 2018-ல் தடை செய்தது. சீனா 2024-ல் நெருங்கிய உறவினர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வதை மட்டும் வைத்துப் பணம் கட்டாதீர்கள், ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

படி 2: தீர்ப்பு சொல்லப் போவது யார்?

எல்லா நாட்டிலும் நீதிமன்றம்தான் ஆணை தருகிறது என்று இல்லை. கொலம்பியாவில் குடும்ப நீதிபதி தருகிறார். இந்தியாவில் 2022 செப்டம்பர் 1 முதல் சிறார் நீதிச் சட்டத்தின் கீழான தத்து ஆணைகளை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் தருகிறார். சில நாடுகளில் அங்கே பாதுகாவலர் உரிமை மட்டும் கிடைக்கும், குழந்தை உங்களோடு சில மாதம் இருந்த பிறகு உங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் தத்து முடியும். இந்த வித்தியாசம் முதலிலேயே தெரிய வேண்டும், ஏனென்றால் வழக்கறிஞர் எந்த நாட்டில் வேண்டும், குழந்தைக்கு எந்த விசா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் நீதிமன்றம் என்றால் இரண்டு வழக்கறிஞர்களையும் ஆரம்பத்திலேயே ஒருவரோடு ஒருவர் பேசவைத்துவிடுங்கள்.

படி 3: வீட்டாய்வு

ஹோம் ஸ்டடி என்பார்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார், வருமானம், உடல்நலம், உங்கள் கல்யாணம், உங்கள் சின்ன வயது எல்லாம் கேட்பார். வீட்டை ஒட்டடை அடித்துப் பளபளப்பாக்குவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், கேட்டதற்கு உண்மையைச் சொல்லுங்கள், போதும். பழைய நோயோ, பழைய வழக்கோ, முந்தைய திருமணமோ இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பின்னால் வேறொரு காகிதத்தில் அது தெரியவந்தால் அறிக்கை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

படி 4: முத்திரை, மொழிபெயர்ப்பு, காலாவதி

எங்களை நிறுத்தி வைத்தது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறப்புச் சான்று, திருமணச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, வருமானச் சான்று, வீட்டாய்வு அறிக்கை என்று ஒரு கட்டு சேரும். இதை டோசியர் என்பார்கள். இவற்றை வெளிநாட்டு நீதிமன்றம் ஏற்க, ஒவ்வொன்றிலும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அதாவது காகிதத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று. 1961-ஆம் ஆண்டின் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இரண்டு நாடும் இருந்தால்தான் இந்த ஒற்றை முத்திரை செல்லும். இல்லையென்றால் வெளியுறவுத் துறை, தூதரகம் என்று ஒவ்வொரு மேசையாக ஏற வேண்டியிருக்கும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இதற்குள் வந்தன, அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பொதுவான வரிசை இது: முதலில் அசல், தேவையானவற்றுக்கு நோட்டரி கையெழுத்து, பிறகு அப்போஸ்டில், கடைசியாக மொழிபெயர்ப்பு. அப்போஸ்டில் முத்திரையில் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்பதால்தான் மொழிபெயர்ப்பு கடைசியில் வருகிறது. சில நாடுகள் மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துக்கும் தனியாக அப்போஸ்டில் கேட்கும். குழந்தையின் நாட்டு வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு பக்கம்கூட மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள்.

இதோடு முடியவில்லை. காவல்துறைச் சான்றுக்கும் மருத்துவச் சான்றுக்கும் ஆயுள் உண்டு. ஒன்று முத்திரைக்காகக் காத்திருக்கும்போது இன்னொன்று காலாவதியாகும், அதைப் புதுப்பிக்கப் போனால் முதலாவது பழையதாகிவிடும். எங்கள் டோசியரில் எல்லாமே சரியாக இருந்தும் ஒரே ஒரு சான்றின் தேதி கடந்துவிட்டது என்று மொத்தமும் திரும்பி வந்தது. அதனால் பிறப்புச் சான்று, திருமணச் சான்று போல மாறாதவற்றை முதலில் வாங்குங்கள். காவல்துறையும் மருத்துவரும் கடைசி.

இதற்கு டைரி போதாது, எக்செல் மாதிரி ஒரு அட்டவணைதான் என் பரிந்துரை. காகிதத்தின் பெயர், வழங்கிய தேதி, காலாவதித் தேதி, அப்போஸ்டில் ஆனதா, மொழிபெயர்த்தாயிற்றா, அசல் இப்போது யார் கையில் என்று பத்திகள் போட்டு, காலாவதித் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். ஸ்கேன் செய்ததை பிடிஎஃப் ஆக மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் முத்திரை எழுத்து மங்கிவிடும், அதை வைத்து மொழிபெயர்ப்பாளர் தப்பாகப் படித்துவிடுவார். முதலிலிருந்து கடைசிவரை மொழிபெயர்ப்பாளரும் ஒருவராகவே இருக்கட்டும், இருவர் என்றால் உங்கள் பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் வந்துவிடும்.

பெயருக்கு முன் இன்ஷியல் போடுகிறவர்கள் இன்னும் கவனம். சான்றிதழில் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அதையே விரித்து அப்பா பெயர், வங்கிக் கணக்கில் இடம் மாறி. வெளிநாட்டு எழுத்தருக்கு இவர்கள் மூன்று ஆட்கள். மூன்றும் ஒருவரே என்று ஒரு பிரமாண வாக்குமூலம் தயாரித்து அதற்கும் அப்போஸ்டில் வாங்கிவிடுங்கள்.

படி 5: இரண்டு நாடுகளின் சம்மதம்

இதைத் தாண்டிக் குதிக்கச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று அதன் நாடு முடிவு செய்ய வேண்டும், அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முறையாகப் பார்த்திருக்க வேண்டும், பெற்றவர்களின் சம்மதம் பணம் வாங்காமல், விஷயம் புரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும். தாயின் சம்மதம் தேவைப்படும் இடத்தில் அது பிரசவத்துக்குப் பிறகே பெறப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பக்கம், நீங்கள் தகுதியானவர்கள் என்றும், குழந்தை உள்ளே வந்து நிரந்தரமாக வசிக்க அனுமதி உண்டு என்றும் உங்கள் நாடு உறுதி செய்ய வேண்டும். கடைசியில் இரண்டு மைய ஆணையங்களும் ‘இந்தத் தத்து மேலே போகலாம்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு.

இந்த ஒப்புதல் வருவதற்கு முன் நீதிமன்றத்தில் ஆணை வாங்கிவிட்டால், குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளை, ஆனால் உங்கள் நாட்டுக்குள் வர முடியாது என்ற நிலை உருவாகலாம். அந்த வேதனை எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். தாமதமாகிறதே என்று எனக்கும் கோபம் வந்திருக்கிறது. ஆனாலும் இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும், எங்கோ ஒரு தாயிடமிருந்து குழந்தை ஏமாற்றி வாங்கப்படாமல் இருப்பதற்காகத்தான் கேட்கப்படுகின்றன. இந்தக் கட்டத்தில் பெற்றவர்களையோ பராமரிப்பவரையோ நீங்களாகத் தேடிப்போய்ப் பேசக் கூடாது என்பதும் அதே காரணத்துக்காக. ரசீது இல்லாமல் ‘அன்பளிப்பு’ கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள்.

படி 6: மனுவும் விசாரணையும்

மனுவை வழக்கறிஞர் எழுதுவார், கையெழுத்துப் போடும் முன் உங்களுக்குத் தெரிந்த மொழியில் முழுதாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். நீதிமன்றம் தரும் மொழிபெயர்ப்பாளர் யார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், குடும்ப நண்பரை வைத்துச் சமாளிக்க வேண்டாம். ஏன் இந்த நாடு, குழந்தையின் உடல்நல அறிக்கையைப் படித்தீர்களா, அதன் மொழியையும் பிறப்பையும் பற்றி அதற்கு என்ன சொல்வீர்கள், இந்த மாதிரிதான் கேட்பார்கள். மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கும்.

படி 7: ஆணை கையில் வந்ததும்

அங்கேயே நின்று படியுங்கள். பெயர்களின் எழுத்து, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். அடுத்து, பெற்றவர்களோடு உள்ள சட்ட உறவு முடிந்து நீங்களே முழுப் பெற்றோர் என்று இருக்கிறதா, இல்லை அந்த உறவை விட்டுவைக்கும் எளிய தத்தா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எளிய தத்து என்றால் உங்கள் நாட்டில் அதை முழுத் தத்தாக மாற்ற வேண்டியிருக்கும். மேல்முறையீட்டுக் காலம் இருந்தால் அது முடிந்து ஆணை இறுதியானதற்கான சான்றையும் வாங்குங்கள்.

பிறகு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையின் 23-ஆவது பிரிவின்படியான இணக்கச் சான்று, அதாவது தத்து உடன்படிக்கைப்படியே நடந்தது என்ற சான்று. இது இருந்தால் உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகள் தத்தைத் தானாகவே அங்கீகரிக்கும். நீதிமன்றம் தராமல் வேறு அலுவலகம் தருகிற நாடுகள் உண்டு, அதனால் ஊர் திரும்பும் முன்பே எங்கே என்று விசாரித்து வாங்கிவிடுங்கள். சான்றளித்த நகல்கள் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளி முதல் பாஸ்போர்ட் அலுவலகம் வரை எல்லோரும் கேட்பார்கள்.

படி 8: குடியுரிமையை ஊகிக்காதீர்கள்

விசா கிடைத்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். அமெரிக்காவில் தத்துக் குழந்தைகளுக்குத் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் 2001 பிப்ரவரி 27-ல்தான் நடைமுறைக்கு வந்தது, அன்றைக்கே 18 வயது நிறைந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. பெற்றோர் தனியாக விண்ணப்பிக்காததால் அங்கேயே வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல் போனவர்கள் உண்டு, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். தானாக வரும் என்று உங்களிடம் சொன்னாலும் குடியுரிமைச் சான்றைக் கையில் வாங்கி வையுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது, ‘அக்கா பிள்ளையை எடுக்கிறோம், இவ்வளவும் வேண்டுமா?’ என்பது. உறவுக் குழந்தை என்றால் பெற்றவர்களோடு பேசக் கூடாது என்ற தடை கிடையாது, மற்றபடி வீட்டாய்வும் இரண்டு நாட்டுச் சம்மதமும் பொதுவாக வேண்டும். சொந்த ஊரில் தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாயிற்று என்பதற்காக விசா கிடைத்துவிடாது, பத்திரம் எழுதும் முன்பே நீங்கள் வாழும் நாட்டின் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.