மத சுதந்திரக் கட்டுரைப் போட்டி: மதிப்பெண் எங்கே போகிறது?

‘மத சுதந்திரம்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் சென்னை மாணவர்களில் பாதிப் பேர் எழுதும் முதல் பத்தியை இப்போதே சொல்லிவிடலாம். மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயில், கூப்பிடு தூரத்தில் சாந்தோம் தேவாலயம், அண்ணா சாலையில் ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல், ஆக வேற்றுமையில் ஒற்றுமை. எல்லாம் உண்மைதான். ஆனால் அது மத நல்லிணக்கம். அக்கம்பக்கத்தார் பழகும் விதம். கேட்டிருப்பது வேறு: ஒருவர் தனக்குப் பிடித்ததை நம்பவும், எதையுமே நம்பாமல் இருக்கவும் உள்ள உரிமையில் அரசு எதுவரை தலையிடலாம்? இதற்குப் பதில் இல்லாத கட்டுரை, நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் தேறாது.

அடுத்த தவறு, அரசியலமைப்பைப் பாதியில் நிறுத்துவது. ‘25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவு தொடங்குவதே பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றுதான். உரிமையும் குடிமக்களுக்கு மட்டுமல்ல, எல்லா நபர்களுக்கும். அதன் இரண்டாம் உட்பிரிவு, பொதுவான இந்து சமய நிறுவனங்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் செய்ய இடம் கொடுக்கிறது. ஆலய நுழைவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட இதைத் தொடுவதில்லை! முகவுரையில் ‘மதச்சார்பற்ற’ என்பது 1950-லேயே இருந்ததாக எழுதுவதும் அடிக்கடி வரும் பிழை. அது 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்தது.

வழக்கைக் குறிப்பிடும்போது பெயரையும் ஆண்டையும் மட்டும் போட்டால் பயனில்லை. நடந்தது என்ன, நீதிமன்றம் சொன்னது என்ன, அது உங்கள் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என மூன்றும் வேண்டும். பிஜோ இம்மானுவேல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. ‘எழுந்து நின்றார்கள்’ என்பதை விட்டுவிட்டால் அவமதித்தார்கள் என்று ஆகிவிடும், வாதமே கவிழும். அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன 1954 சிரூர் மட வழக்கும் நல்ல சான்று. ஒரு மதத்துக்கு இன்றியமையாத வழக்கம் எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது அது. இரண்டு வழக்கு போதும். ஆறு வழக்குகளை அடுக்கினால் உங்கள் கருத்துக்கு இடமிருக்காது.

தன் மதத்தின் பெருமையை விவரிப்பதும், இன்னொன்றைக் குறை சொல்வதும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, அனுப்பும் விதம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு நடுவரின் கணினியில் இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, வேறொரு ஃபோனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். பெயரை முகப்புத் தாளில் மட்டும் எழுதச் சொல்லியிருந்தால் உள்பக்கத் தலைப்பிலும் கோப்பின் பெயரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.