பைன் மகரந்தத்தை முளைக்க வைத்துப் பார்க்கும் முறை

நித்தியகல்யாணிப் பூவின் மகரந்தத்தைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு, வகுப்பு முடிவதற்குள் துகளிலிருந்து மகரந்தக் குழாய் முளைத்து நீள்வதைப் பார்த்துப் பழகியவர்கள், பைன் மகரந்தத்தையும் அதே வேகத்தில் எதிர்பார்த்து, முதல் நாள் மாலையே அது செத்த மகரந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் மகரந்தம் முளைப்பதற்கு நாள்கணக்கு வேண்டும். இந்தச் சோதனையின் ஒவ்வொரு படியும் அந்த மெதுவான வேகத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

மகரந்தம் உதிரத் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, ஆண் கூம்புகள் பச்சை நிறம் மாறி மஞ்சளாகும்போது, அவற்றைக் கிளையோடு வெட்டி எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைனில் இது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நிகழும். காற்று அசையாத அறையில் கிளைகளைத் தண்ணீரில் நிறுத்தி, அடியில் வழுவழுப்பான தாளை விரித்து வைத்தால், ஓரிரு நாட்களில் மஞ்சள் தூள் உதிர்ந்து சேரும். அதை மெல்லிய சல்லடையில் சலித்துச் செதில்களை நீக்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய கலத்தில் உலர்த்த வேண்டும். நன்கு உலர்ந்த தூளைக் காற்றுப் புகாத குப்பியில் அடைத்து உறைபெட்டியில் வைத்தால் அடுத்த பருவத்திலும் பயன்படும். ஈரத்தோடு வைத்தால் விரைவில் பாழாகும்.

பலர் தவறவிடுவது அடுத்த படியைத்தான். உலர்ந்த மகரந்தத்தை நேரடியாக ஈரமான ஊடகத்தில் தூவினால், நீர் திடீரென உள்ளே பாய்வதால் செல் சவ்வுகள் சிதைந்து, உள்ளிருப்பவை வெளியே கசிந்து, உயிருள்ள துகள்களும் வீணாகிவிடும். ஆகவே நனைத்த வடிதாள் இட்ட மூடிய பெட்டியில், தண்ணீர் மேலே படாதபடி, மகரந்தத்தை ஓர் இரவு முழுவதும் வைத்து, காற்றின் ஈரத்தை அது மெல்ல உறிஞ்சிக்கொள்ள விட வேண்டும்.

மகரந்தம் முளைக்கும் ஊடகம் எளிமையானது. 100 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் 1 கிராம் அகார் (கரைசலைக் கூழாக உறையவைக்கும் பொருள்), 5 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் போரிக் அமிலம், 30 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, பெட்ரித் தட்டுகளில் மெல்லிய படலமாக ஊற்றி ஆறவிட வேண்டும். போரானும் கால்சியமும் குழாய்ச் சுவர் சீராக உருவாவதற்கு உதவுகின்றன. பைன் மகரந்தம் தனக்கு வேண்டிய சேமிப்பு உணவைத் தானே வைத்திருப்பதால், சர்க்கரையே இல்லாத அகாரிலும் முளைக்கக்கூடும். சோதனை சில நாட்கள் நீடிப்பதாலும் சர்க்கரை கூடினால் பூஞ்சணம் பிடிப்பதாலும், அதைக் குறைவாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. அடுப்பில் சூடாக்கிக் கொன்ற மகரந்தத்தையும் தனித் தட்டில் தூவி வைத்தால், வீங்கிய துகளுக்கும் முளைத்த துகளுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் பழகும்.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி மென்தூரிகையால் மெலிதாகத் தூவி, தட்டை மூடி, 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருளில் வைத்து, 24, 48, 72 மணி நேரங்களில் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பைன் துகளின் இரு பக்கமும் காற்றுப்பைகள் புடைத்திருக்கும். புதியவர்கள் அவற்றையே முளை என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மையான குழாய் அந்த இரண்டு பைகளுக்கும் இடையில் உள்ள மெல்லிய சுவர்ப் பகுதியிலிருந்து புறப்படும். துகளின் விட்டத்திற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ குழாய் நீண்டிருந்தால் மட்டுமே முளைத்ததாகக் கணக்கிட வேண்டும். பல பார்வைப் புலங்களிலிருந்து குறைந்தது 300 துகள்களையாவது எண்ணினால்தான் விழுக்காட்டை நம்ப முடியும். நீண்ட குழாய்கள் சில கிளைவிடுவதும் உண்டு. ஊசியிலை மரங்களில் அது வியப்பன்று. அயோடின் கரைசல் ஒரு சொட்டு விட்டால், ஸ்டார்ச் மணிகள் கருநீலமாகத் தெரியும். இதே முறையில் சைப்ரஸ் மகரந்தத்தைப் பார்த்தால், நீர் பட்டதும் அது எக்சைன் எனும் வெளியுறையையே கழற்றிவிடும். காற்றுப்பையும் அதற்கு இல்லை.

மரத்தில் நடப்பது இதைவிடவும் மெதுவானது. பெண் கூம்பிலுள்ள சூலின் சிறு வாயான சூல்துளையில் கசியும் துளியில் பைன் மகரந்தம் சிக்கி உள்ளே சென்று, சூல்திசுவின் மீது முளைத்து, சிறிது தூரம் வளர்ந்தபின் குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்து, அடுத்த ஆண்டு மீண்டும் வளர்கிறது; மகரந்தச் சேர்க்கைக்கும் கருவுறுதலுக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிகிறது. தட்டில் வளரும் குழாய் பொதுவாக ஆண் கேமீட்டுகள் எனும் ஆண் இனச்செல்கள் உருவாகும் கட்டம் வரை செல்வதில்லை. அவற்றைக் காண விரும்புவோர், பைனில் இரண்டாம் ஆண்டுப் பெண் கூம்புகளைக் கோடையின் தொடக்கத்தில் பறித்து, சூல்களை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்க்க வேண்டும். மற்றோர் ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸில் மகரந்தம் சேர்ந்த அதே ஆண்டிலேயே கருவுறுதல் முடிந்துவிடுவதால், மகரந்தம் உதிர்ந்த சில வாரங்களில் அவ்வாண்டுக் கூம்புகளையே எடுத்துக்கொள்ளலாம்.