காலை 6 மணிக்கு போனில் ஒரு நிமிடம்

பறவைகளின் குரலைப் பதிவு செய்து கேட்க, பிள்ளைகளோடு மொட்டை மாடியிலோ மரத்தடியிலோ உட்காருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரை ஒரே ஒரு நிமிடம் ஓட விடுங்கள். யாரும் பேசக் கூடாது, அவ்வளவுதான். காற்று அடித்தால் மைக் பக்கம் ஒரு மெல்லிய சாக்ஸை மாட்டினால் இரைச்சல் நன்றாகக் குறையும். போனைக் கையில் பிடிக்காமல் கீழே வைப்பது முக்கியம், விரல் உரசுவதுகூடப் பதிவாகிவிடும்.

அப்புறம் ஹெட்போனில் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். நேரில் காதில் விழாத அணில் சத்தமும் செண்பகப் பறவையின் ஆழமான 'ஊப் ஊப்'பும் அப்போதுதான் பிடிபடும். 'குக்கூ' என்று ஏறி ஏறிக் கூவுவது கறுப்பான ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயிலின் குரல் 'கிக் கிக்' என்று வேகமாக வரும். இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் 'மெர்லின்' செயலி இலவசம். குரலை வைத்துப் பெயர் சொல்லும், ஒலியைப் படமாகவும் காட்டும். ஆனால் முதலில் பிள்ளைகளே ஊகிக்கட்டும், செயலியை அதன் பிறகு திறங்கள். சில நேரம் அது தப்பாகவும் சொல்லும், பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்துவிடுங்கள். பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிட வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் அது பாவம்.