உங்கள் ஏரியாவில் பறை வகுப்பு தொடங்குகிறீர்களா?

சென்னை கண்ணகி நகரில் எட்டு வருடமாகச் சாயங்காலப் பறை வகுப்பு நடத்துகிறேன். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களைக் காலிசெய்து 2000 வாக்கில் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. "எங்க பக்கமும் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்க்கா, எப்படிப் பண்றது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பறை வாங்குவதற்கு முன்னால் வீடு வீடாகப் போங்கள். நான் முதலில் போன வீட்டில் ஒரு தாத்தா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "சாவுக்கு அடிச்சு அடிச்சு எங்கப்பா பட்ட அவமானம் போதும்மா. என் பேரன் கையில அதைக் குடுக்காத." அவர் கோபம் நியாயமானது. சாதியைச் சொல்லித் திணித்த வேலை அது. மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, வாய்விட்டுக் கூலி கேட்கவும் முடியாது. அப்படிப்பட்டவரிடம் போய்ப் பாரம்பரியப் பெருமை பேசாதீர்கள். நான் இரண்டு வாக்குக் கொடுத்தேன். எந்தப் பிள்ளையையும் சாவு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். கூப்பிடுகிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார வைக்கிற இடத்துக்கு மட்டும்தான் கூட்டிப்போவேன். இன்றுவரை அதை மீறவில்லை.

முதல் மாதம் பறையைத் தொடவே விடாதீர்கள். கைதட்டி, தொடையில் தட்டி, "ஜனக்கு ஜன" என்று வாயால் சொல்லிப் பழகட்டும். வாயில் வராத அடி கையில் வராது. அப்புறம் மூன்று பேருக்கு ஒரு பறை போதும். ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவர் கைதட்டிக் கணக்குப் பிடிக்கட்டும். அடுத்தவர் அடிப்பதைக் காது கொடுத்துக் கேட்க அதில்தான் பழகுகிறார்கள். இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக் குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. பழகுகிறவர்களுக்கு ஃபைபர் பறை வாங்கலாம், மழைக்காலத்திலும் தொய்யாது. ஆனாலும் தோல் பறை ஒன்றாவது இருக்கட்டும்.

அந்தத் தோல் பறையைத் தீயில் காட்டிக் காய்ச்ச எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது. ஒரு நாள் வைக்கோலைக் கொளுத்திவிட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தபோது அதே தாத்தா தெருமுனையிலிருந்து வந்தார். ஒன்றும் பேசாமல் பறையை வாங்கி, தீக்கு ஒரு முழம் மேலே பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுநடுவே விரலால் சுண்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். 'தொம்' என்று கிடந்த சத்தம் 'டங்' என்று ஏறியதும் பேரனிடம் நீட்டினார். இப்போது வாரம் ஒரு நாள் அவர்தான் எங்கள் வாத்தியார். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடுங்கள். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுங்கள், ஓசியில் வேலை வாங்காதீர்கள்.

வகுப்பு ஐந்தரை முதல் ஏழு வரை. தொடங்கும் முன் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுத்துவிடுங்கள்; பசித்த வயிற்றோடு தாளம் நிற்காது. எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக இருக்க வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைக்குப் பறை எதுக்கு?" என்பார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் ஆடும் வீடியோவை அம்மாக்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். எங்களிடம் ஏழாவது படித்த ஒரு பெண், பேர் கேட்டால்கூடத் தரையைத்தான் பார்ப்பாள். அடி மாற்றக் குரல் கொடுக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். இருபது பறைச் சத்தத்துக்கு மேலே குரல் எழும்ப வேண்டுமே! மூன்று வாரம் யாருக்கும் கேட்கவில்லை, நாங்களும் காத்திருந்தோம். அடுத்த வருடம் வருமானச் சான்றிதழுக்கு அம்மாவை இ-சேவை மையத்துக்கு அவளே கூட்டிப்போய், விட்டுப்போன காகிதம் எது என்று கேட்டு எழுதி வாங்கி வந்தாள். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய் வரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000. இந்தக் கணக்கையெல்லாம் பெற்றோரிடம் பேச வகுப்பு முடிகிற நேரம்தான் தோது.

பணம் வரும் இடத்தில் ரொம்பக் கவனமாக இருங்கள். நன்றாக அடிக்கும் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை வெளி ஆட்கள் நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள். வீட்டில் வாடகை பாக்கி, அவன் கொண்டுவந்த பணம் உதவியது. நானும் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று சந்தோஷப்பட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு வீடு திரும்புவான், காலையில் பள்ளிக்கூடம் போக மாட்டான். அந்த வருடமே படிப்பு நின்றது. தாளம் சொல்லிக்கொடுத்தது நான். அதனால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் விதி போட்டோம். பதினான்கு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் காசு நிகழ்ச்சியே கிடையாது. பள்ளிக் கலைத் திருவிழா, தெரு விழா மட்டும். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் ஒரு பரிசு வாங்கிவிட்டால், கடைசி பெஞ்சுப் பையனை டீச்சர் பார்க்கிற பார்வையே மாறும். பெரிய பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் மட்டும் நிகழ்ச்சி, ஒன்பது மணிக்குள் வீடு. பங்குப் பணம் தபால் நிலையத்தில் அவரவர் பேரிலுள்ள கணக்குக்குப் போகும். பத்து வயதானாலே கணக்குத் தொடங்கலாம். இசையையே தொழிலாக எடுக்க விரும்புகிறவர்கள் இருந்தால், மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தவில், நாதசுரம் மூன்று வருடப் படிப்பாக இருக்கிறது, விசாரியுங்கள்.

வருகைப் பதிவு நோட்டில் ஒரு பேருக்கு இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் நம் வகுப்பு, இன்னொன்றில் அன்றைக்குப் பள்ளிக்கூடம். பள்ளிக் கட்டம் தொடர்ந்து மூன்று நாள் காலியாக இருந்தால் நான்காம் நாள் நீங்கள் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஏழரைக்கு மேல் போங்கள். அம்மா வேலை முடிந்து வந்திருப்பார்.