சாக்ரடீஸைப் போலக் கேள்வி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கத் தத்துவத்தைப் படிக்கத் தொடங்கும் பலருக்கு, படித்ததைப் பேச்சில் பழகிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விரைவிலேயே வந்துவிடுகிறது. அது நியாயமான ஆசைதான். சாக்ரடீஸ் ஒரு நூலும் எழுதியவரல்லர். ஏதென்ஸின் சந்தைவெளியிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் விருந்துகளிலும் பேசிப் பேசியே தம் தத்துவத்தை வாழ்ந்தவர். அவருடைய மாணவர்களான பிளேட்டோவும் செனபோனும் எழுதிவைத்த உரையாடல்கள் வழியாகத்தான் நாம் அவரைப் பெரும்பாலும் அறிகிறோம். மாணவர்களோடு அமர்ந்து இந்த உரையாடல்களைப் பல ஆண்டுகளாக வாசித்துவரும் எனக்கு, ஆர்வத்தோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு சில இடங்களிலேயே இடறுவது தெரிகிறது. அவற்றில் சிலவற்றில் நானும் இடறியிருக்கிறேன்.

முதலாவதும் மோசமானதும், கேள்வியை ஆயுதமாக்கிக்கொள்வது. எதிராளியின் சொற்களிலேயே அவரைச் சிக்கவைக்க முடியும் என்று கண்டுகொண்ட இளைஞனுக்கு, வீட்டில் அம்மாவும் கல்லூரியில் நண்பனும் வாதத்திற்குக் கிடைத்த இரைகளாகத் தெரியத் தொடங்குகிறார்கள். பிளேட்டோ இதை நன்றாக அறிந்திருந்தார். வாதத்தின் சுவையை முதன்முதலில் கண்ட இளைஞர்கள், அருகில் வருவோரையெல்லாம் நாய்க்குட்டிகளைப் போல இழுத்துக் கடித்துக் குதறுவதில் மகிழ்வார்கள் என்று ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியில் எழுதுகிறார். நம் வழக்கில் இதற்கு விதண்டாவாதம் என்று பெயர். தம்மைப் பார்த்துப் போலச் செய்த இளைஞர்களால் மூண்ட கோபமும் தம் மேல்தான் திரும்பியது என்று சாக்ரடீஸே நீதிமன்றத்தில் சொன்னார், கி.மு. 399இல் அந்த நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. பிறரை மறுப்பதைப் போலவே பிறரால் மறுக்கப்படுவதையும் தாம் மகிழ்ச்சியோடு ஏற்பதாகவும், தம் தவறு நீங்குவது பிறர் தவறை நீக்குவதைவிடப் பெரிய நன்மை என்றும் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் அவர் சொல்கிறார். உரையாடல் முடிந்து எழும்போது உங்கள் சொந்தக் கருத்தில் எதுவுமே அசையவில்லை என்பது ஒவ்வொரு முறையும் நடந்தால், நீங்கள் பழகுவது வேறேதோ ஒன்று.

இரண்டாவது தவறு கண்ணுக்கு எளிதில் படாது. ஆசிரியர்கள் அதிகம் செய்வது இதுதான். எதிரில் இருப்பவர் உண்மையில் நம்புவதை விசாரிக்காமல், மரியாதைக்காக அவர் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வது. சிறையில் தம்மைத் தப்பிக்க வைக்க வந்த பால்ய நண்பர் கிரிட்டோவிடம், ‘உன் கருத்துக்கு மாறாக எதையும் ஒத்துக்கொண்டுவிடாதே’ என்ற பொருளில் சாக்ரடீஸ் எச்சரிக்கிறார். உயிர் போகும் நேரத்திலும் அவர் அந்த விதியைத் தளர்த்தவில்லை. நான் தளர்த்தியிருக்கிறேன். தேர்வில் நண்பனுக்கு விடையைக் காட்டுவது உதவியா என்று பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒரு முறை கேட்டேன். “உதவிதான் சார்” என்றான். அடுத்தடுத்து மூன்று கேள்விகள் கேட்டேன். மூன்றாவதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க சொல்றதுதான் சார் சரி” என்றான். நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை. கேட்க மட்டுமே செய்திருந்தேன். சில நாட்கள் கழித்து, “நான் ஆசிரியர் என்பதை மறந்துவிட்டுச் சொல்” என்று தொடங்கி, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருந்தபோதுதான், தனக்கு விடை காட்ட மறுத்த ஒரு நண்பன் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை என்பதை அவன் சொன்னான். அவனுடைய உண்மையான நம்பிக்கை அந்தக் கோபத்தில் இருந்தது. நான் அதுவரை விசாரித்ததெல்லாம் அவனுடைய பணிவைத்தான்.

இதையொட்டிய இன்னொரு தவறு, விடையைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு மாணவனை அதை நோக்கித் தள்ளுவது. அதற்குச் சான்றாகப் பலரும் ‘மெனோ’ உரையாடலில் வரும் அடிமைச் சிறுவனைக் காட்டுவார்கள். அந்தக் காட்சியை நிதானமாகப் பார்ப்பது நல்லது. இரண்டு அடி பக்கமுள்ள சதுரத்தை சாக்ரடீஸ் வரைகிறார்; அதன் பரப்பு நான்கு சதுர அடி. இதைப் போல இருமடங்கு, அதாவது எட்டு சதுர அடிப் பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் தயங்காமல் நான்கு அடி என்கிறான். அவர் மறுக்கவில்லை, வரைந்து எண்ண வைக்கிறார். பதினாறு வருகிறது. அப்படியானால் மூன்று அடி என்கிறான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது. அப்போதுதான் சிறுவன் தனக்குத் தெரியவில்லை என்று ஆணையிட்டுச் சொல்கிறான். சாக்ரடீஸ் உடனே விடைக்குத் தாவவில்லை. தம்மோடு உரையாடிக்கொண்டிருந்த, அந்தச் சிறுவனின் எஜமானன் மெனோவின் பக்கம் திரும்பி, தெரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தவன் தெரியவில்லை என்று உணர்ந்ததால் இவனுக்கு ஏதாவது கெடுதல் நேர்ந்ததா என்று கேட்கிறார்.

இதற்குப் பின், தேடிய பக்கமாக அமையும் கோட்டை, அதாவது முதல் சதுரத்தின் மூலைவிட்டத்தை, வரைந்து காட்டுபவர் சாக்ரடீஸ்தான். அந்தப் பாதியில் கேள்விகள் விடையைத் தாங்கியே வருகின்றன என்பது என் கருத்து. நாம் கற்க வேண்டியது முதல் பாதியை. தவறான விடையைத் திருத்தாமல், அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை மாணவனே தன் கண்ணால் காணும்வரை உடனிருப்பது கடினமான வேலை. ‘தெரியவில்லை’ என்ற சொல்லுக்குப் பின் வரும் அமைதியைத் தாங்க முடியாமல், நாம் பெரும்பாலும் பத்து விநாடிகளுக்குள் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறோம்.

தவறான பதிலை ஏளனமாகப் பெறுவதும் கூடாது. பிளேட்டோவின் ‘லாகெஸ்’ உரையாடலில், வீரம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்ட கேள்விக்கு, அணியை விட்டு ஓடாமல் நின்று போரிடுவது என்று தளபதி லாகெஸ் பதிலளிக்கிறார். கி.மு. 424இல் டீலியம் போரில் ஏதென்ஸ் படை தோற்றுப் பின்வாங்கியபோது சாக்ரடீஸோடு கூடவே நடந்தவர் அவர். பதில் குறுகலானது, பின்வாங்கிக்கொண்டே போரிடும் வீரர்களும் உண்டு. ஆனால் சாக்ரடீஸ், கேள்வியைத் தெளிவாகக் கேட்காதது தம் தவறாக இருக்கலாம் என்று பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டு மீண்டும் கேட்கிறார். வகுப்பறைக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்றை நான் அறியேன்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, நிக்கோபோலிஸ் நகரில் பள்ளி நடத்திய எபிக்டெட்டஸ், நம் கையில் இல்லாததற்காகக் கலங்காமல் வாழச் சொல்லும் ஸ்டோயிக் மரபின் ஆசிரியர், தம் அனுபவத்தையே இதற்குச் சொல்கிறார். உன் குதிரைகளை யாரிடம் ஒப்படைத்திருக்கிறாய், உன் உடலை யாரிடம், சரி, உன் ஆன்மாவை எப்படிப் பராமரிக்கிறாய் என்று ரோமில் ஒரு செல்வந்தரிடம் போய்க் கேட்டால், ‘அதைக் கேட்க நீ யார்?’ என்பார்; விடாமல் கேட்டால் கையை ஓங்கிவிடுவார். தாமும் ஒரு காலத்தில் இதில் ஆர்வம் காட்டி, இப்படி மாட்டிக்கொண்ட பிறகு விட்டுவிட்டதாக அவர் மாணவர்களிடம் சொன்னதை, மாணவர் ஆர்ரியன் எழுதிவைத்திருக்கிறார். பேச வரச் சம்மதிக்காதவரிடம், அதிலும் துயரத்திலோ அவசரத்திலோ இருப்பவரிடம், கேள்வி தொடுப்பது அத்துமீறலாகிவிடுகிறது. விருந்தில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பேசாதே, சாப்பிட வேண்டிய விதத்தில் சாப்பிடு என்பதும் எபிக்டெட்டஸின் அறிவுரைதான்; தத்துவச் சொற்களை இடம் பார்க்காமல் உதிர்ப்பவர்களுக்காக அவர் அதைச் சொன்னார்.

கடைசியாக, ஒரே அமர்வில் முடிவு கண்டுவிட வேண்டும் என்ற அவசரம். லாகெஸோடு நடந்த அந்த உரையாடல், வீரம் என்பது இன்னது என்று யாரும் கண்டுபிடிக்காமலேயே முடிகிறது. பிள்ளைகளின் கல்வி குறித்துக் கேட்க வந்த முதியவர் லைசிமாக்கஸ் அதற்காக ஏமாற்றம் அடையவில்லை. மறுநாள் விடியலிலேயே தம் வீட்டுக்கு வரும்படி சாக்ரடீஸை அழைக்கிறார். தெய்வம் விரும்பினால் நாளை வருகிறேன் என்று சாக்ரடீஸும் சொல்கிறார்.